பிரேக் போட்டா ஒண்ணு, கெளம்புனா ரெண்டு

சத்தியமாச் சொல்றேன் சார், இதுல ஒரு சொல்லு பொய்யில்ல. பொய்யின்னா இந்த வண்டி இந்த எடத்துலயே... வேணாம், வண்டி மேல வேணாம், இன்னும் ஏழு தவண கெடக்கு. என் மச்சினன் மேல சத்தியம். அவனுக்கு ஒண்ணுன்னா எங்க வீட்டுல ரெண்டு நாளைக்கு மேல யாரும் அழ மாட்டாங்க.

கதவச் சாத்துங்க. அப்படியில்ல, கொஞ்சம் தூக்கி இழுக்கணும். ஆங். வடமதுரையில பஸ்ஸ விட்டுட்டு இந்த வெயில்ல நின்னா மனுசனுக்கு மண்ட காஞ்சு போகும். நான் மில்லுப் பொம்பளைகள இறக்கி விட்டுட்டு திண்டுக்கல்லுக்கு ஒரு சோலியாப் போறேன். சும்மா போற வண்டிதான், நல்லா காலை நீட்டி ஒக்காருங்க. இருங்க, முன்னாடி வேகத்தடை.

வீஈஈஈக்.

கேட்டுச்சா? கேட்டுச்சுல்ல? அதான் சார் அந்தச் சத்தம். இப்பக் கெளம்புறேன் பாருங்க, வீக் வீக், கேட்டுச்சா? நின்னா நீளமா ஒண்ணு, கெளம்புனா கட்டையா ரெண்டு. ஏன் சார் என் வாயவே பாக்குறீங்க? சத்தம் சக்கரத்துல வருது, சக்கரத்தப் பாருங்க. எல்லாருமே இப்படித்தான், ஏறுன ஒடனே என் மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சிடுறாங்க. அழகா இருக்கேன், தெரியும். அதுக்காக இப்படியா?

எம் பேரு போத்திராஜ். பத்தொம்பது வருசம் பிரைவேட் பஸ்ஸுல கண்டக்டரு. திண்டுக்கல்லு, அய்யலூர் லைன். படிப்பு மூணாங்கிளாசு, ஆனா அறுபது டிக்கெட்டுக்கு மனசுலயே கணக்கு ஓடும். டிரைவர் யாருன்னா சவரிமுத்து. அவன்தான் இந்தக் கதையில வில்லன், பேர ஞாபகம் வச்சுக்கங்க. பத்தொம்பது வருசமும் ஒரே பஸ்ஸு, அவன் முன்னாடி, நான் பின்னாடி. டிரைவர்னா ராசா சார். கடையில அவனுக்கு ஸ்பெசல் டீ, நமக்கு மிஞ்சுன டீ. பஸ்ஸு லேட்டானா நம்மளத் திட்டுவாங்க, நேரத்துக்குப் போனா அவனைப் புகழுவாங்க. ஆனா ஒண்ணு, நான் ஊதாம அந்த ராசா ஒரு அடி நகர முடியாது. நின்னாலும் நான்தான், கெளம்புனாலும் நான்தான்.

ஊதுறதுன்னா பீப்பீ வச்சு இல்ல. மொதலாளி குடுத்த விசில எம் மகளுக்கு வெளையாடக் குடுத்துட்டேன். படியில தொங்குன ஒரு காலேஜ் பயலை உள்ள இழுக்கப் போயி கம்பியில மோதி எனக்கு மேல் பல்லு ரெண்டு போச்சு. பல்லு போன அன்னைக்கே விசில் வந்துருச்சு. நாக்க லேசா மடக்கினாப் போதும், அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவனுக்குக் கேக்கும். லைன்ல எனக்குப் பேரே அதுதான். அதெல்லாம் பழைய கத. பஸ்ஸோட விட்டாச்சு. இப்ப எதுக்கு ஊதப் போறேன்?

மொதலாளி பஸ்ஸ வித்துட்டாரு. சவரிமுத்து ஒரு வேன் வாங்கி ரெண்டு வருசம் ஓட்டுனான். அப்புறம் அவன் மகன் வெளிநாடு போனதும், எனக்கெதுக்குடா இனிமேன்னு எங்கிட்டயே குடுத்தான். இதே வண்டி. லைசென்சா? இருக்கு சார், பயப்படாதீங்க. பத்தொம்பது வருசம் ஒருத்தன் ஓட்டுறதப் பின்னாடியிருந்து பாத்தவனுக்கு ஓட்டத் தெரியாதா?

வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து, சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, மொத ரவுண்டு போறேன். பக்கத்துல எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம். தெரு முக்குல பிரேக்க மிதிச்சேன். வீஈஈஈக்! "என்னடி சத்தம்?"னேன். அவ என்னையப் பாத்தா. சேலைய இழுத்து வாயப் பொத்திக்கிட்டா. பயந்துட்டா பாவம்.

அந்த மாதிரிப் பொம்பள கெடைக்க மாட்டா சார். சோறு போடுவா, போதும்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. சரியா போதும்னு நெனைக்கிற எடத்துல கரண்டி நின்னுரும். மனசப் படிச்சவ.

சரி, சத்தத்துக்கு வாறேன். பழைய வண்டியில பிரேக் சத்தம் வந்தா என்ன அர்த்தம்? வித்தவன் மறச்சு வித்திருக்கான்னு அர்த்தம். நேரா சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். "ஏண்டா, கூடவே பத்தொம்பது வருசம் தின்னவனுக்கே டப்பா வண்டிய வித்திருக்கியே"ன்னேன். அவன், "எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு சத்தமும் இல்லடா போத்தி, பைபிள் மேல வேணா கைய வைக்கிறேன்"னான். பாத்தீங்களா, எடுத்த எடுப்புலயே சத்தியம் பண்றவன நம்பலாமா சார்?

விடுவேனா நான்? டீக்கடையில சொன்னேன், சலூன்ல சொன்னேன், சர்ச் வாசல்ல நின்னு ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாறவங்க கிட்டயெல்லாம் சொன்னேன். சவரிமுத்து பிரேக் இல்லாத வண்டிய எந் தலையில கட்டிட்டான்னு. இம்புட்டு ஊருக்குச் சொன்ன நான், மில்லுக்கும் காது இருக்கும்னு நெனைக்கல.

அங்கதான் வெனை. இந்த மில்லு டிரிப்ப நம்பித்தான் சார் நான் வண்டியே வாங்குனது. காலையில ஏழு மணி ஷிப்டுக்கு பதினாலு பொம்பளைகள ஏத்தணும், மூணு மணிக்குத் திருப்பிக் கொண்டாந்து விடணும். ஒரு மாசம் வெள்ளோட்டம், சரியா ஓடுனா வருசத்துக்கு நம்மளுது. அது போச்சுன்னா இந்த வண்டியில நான் என்ன, கோழி வளக்கவா? அந்த மில்லுல குணவதி மேடம்னு ஒரு சூப்பர்வைசர். குரல ஒசத்தவே மாட்டாங்க, அதான் பயம். கூப்பிட்டு, "போத்திராஜ், உங்க வண்டியில பிரேக் இல்லைங்கிறாங்களே"ன்னாங்க. "யாரு மேடம் சொன்னது?"ன்னேன். "நீங்கதான்"னாங்க. "பத்து நாள் டைம். அதுக்குள்ள சத்தம் நிக்கல, வேற வண்டி பாத்துக்குவேன். பொம்பளப் புள்ளைக உசுரு."

இந்த ஆடு ஒண்ணு குறுக்க... வீஈஈஈக். பாத்தீங்களா? பாத்தீங்களா? அட, ஏன் சார் குனிஞ்சுக்கிட்டுத் தோளு குலுங்குது? இருமலா? தண்ணி வேணுமா? போவோம். வீக் வீக்.

வடமதுரையில அல்லாபிச்சை பாய்னு மெக்கானிக்கு. சுத்துப்பட்டுல அவருதான் கெட்டிக்காரருங்கிறாங்க. நான் சொல்லல. வண்டிய எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போனாரு, வந்தாரு. "ஒரு சத்தமும் இல்லையே அண்ணே"ன்னாரு. வீட்டுல கொதிக்கிற காய்ச்சல் டாக்டரப் பாத்தா எறங்கிருமே, அது மாதிரி. நான் சாவிய வாங்கி ஒரு ரவுண்டு போனேன். பட்டறை வாசல்லயே வீஈஈஈக். பாய் ஓடி வந்தாரு. தரையில படுத்து, கன்னத்த மண்ணுல வச்சு, "இன்னொரு தடவ"ன்னாரு. வீஈஈஈக். "இன்னொரு தடவ." வீஈஈஈக். எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு, "சத்தம் கீழ வரல அண்ணே, மேல வருது"ன்னாரு. மேல என்னய்யா இருக்கு, ஆகாசம்தான இருக்கு! அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவரு தேற மாட்டாருன்னு.

இருந்தாலும் நாலு சக்கரத்தையும் கழட்டுனாரு. சக்கரத்துக்குள்ள டிரம்முன்னு ஒண்ணு சுத்தும், அத அமுக்கிப் புடிச்சு நிறுத்துற வளைஞ்ச கட்டைக்குத்தான் ஷூன்னு பேரு. அந்த ஷூவத் தேச்சாரு, டிரம்ம ஊதித் தூசி எடுத்தாரு, பேரிங்க ஆட்டிப் பாத்தாரு. மாட்டிக் குடுத்தாரு. வீஈஈஈக். ஒரு வாரம் இப்படியே போச்சு. பாய் ஓட்டுனா சத்தம் இல்ல, பாயோட ஆளுக ஓட்டுனாலும் இல்ல, நான் ஓட்டுனா இருக்கு. வண்டிக்கு மொதலாளி யாருன்னு தெரியும் சார், அதான்.

"வித்தவனையும் கூட்டிட்டு வாங்க, மூணு பேரும் சேந்து ஒரு தடவ போவோம்"னாரு பாய். சவரிமுத்து வந்தான். அவன் ஸ்டீயரிங்குல, பாய் பக்கத்துல, நான் பின்னாடி. ஒக்காரப் புடிக்கல. பழைய பழக்கம், கதவோரமா கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டேன். அய்யலூர் ரோட்டுல போறோம். மொத மேட்டுல அவன் பிரேக் அடிச்சான், சத்தம் இல்ல. நான் அப்ப வடை தின்னுக்கிட்டிருந்தேன். ஒரு மாடு வந்துச்சு, பிரேக், சத்தம் இல்ல. இன்னொரு வடை. அப்புறம் வடையும் தீந்துச்சு, அய்யலூருக்கு முன்னாடி எங்க பழைய ஸ்டாப்பு ஒண்ணு வந்துச்சு. வேப்பமரமும் ஒரு பெட்டிக்கடையும். வந்துச்சு பாருங்க, வீஈஈஈக்! சவரிமுத்து பொளேர்னு பிரேக்க மிதிச்சான். பாய் தலை கண்ணாடியில போயி டொம்முனு மோதிச்சு.

"யோவ், ஏன்யா நிறுத்துன? ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல!"

"விசில் வந்துச்சுல்ல பாய்"னான் சவரிமுத்து.

பாய் நெத்தியத் தேச்சுக்கிட்டே யோசிச்சாரு. "இருங்க. மொதல்ல சத்தம் வந்துச்சு. அப்புறந்தான் பிரேக் விழுந்துச்சு. பிரேக் போடாம பிரேக் சத்தம் எப்படி வரும்?" ரெண்டு பேரும் மெல்லத் திரும்பிப் பின்னாடி பாத்தாங்க. நானும் திரும்பிப் பாத்தேன். எனக்குப் பின்னாடி யாருமே இல்ல சார்.

அப்பத்தான் சார் அந்த அநியாயம் நடந்துச்சு. பாய் சொல்றாரு, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சத்தம் உங்க வாயில இருந்து வருது." சவரிமுத்து ஸ்டீயரிங்குல தலைய வச்சுக்கிட்டு சிரிக்கிறான். "டேய் போத்தி, பத்தொம்பது வருசமாக் கேட்ட சத்தம்டா, எங் காலு தன்னால மிதிக்குதுடா"ங்கிறான். கண்ணுல தண்ணி வருது அவனுக்கு. எனக்குக் கோவம் உச்சியில ஏறிருச்சு. எவ்வளவு துணிச்சல் பாருங்க. வண்டியில கோளாறு, அத வாங்குனவன் வாயில தூக்கிப் போடுறான்! எந்த ஊர்லயாவது கேட்டிருக்கீங்களா?

பாய் ஒரு பாட்டில் தண்ணியக் குடுத்தாரு. "வாய் நெறைய வச்சுக்கிட்டு ஓட்டுங்க, முழுங்காதீங்க"ன்னாரு. ஓட்டுனேன். எனக்கு என்ன பயம்? முக்குல பிரேக்கப் போட்டேன். சத்தம் வரல, ஒத்துக்கிறேன். ஆனா வாயில இருந்த தண்ணி புர்ர்ருனு போயி பாய் மேலயும் கண்ணாடி மேலயும் அடிச்சிருச்சு. வண்டி அப்படித் தூக்கிப் போட்டுச்சு சார், நான் என்ன செய்வேன்? பாய் சட்டையத் தொடச்சுக்கிட்டே, "வேற டெஸ்ட் வேணாம்"னாரு. தோத்தவன் அப்படித்தான சொல்லுவான்.

நாளோ எட்டு ஆச்சு. குணவதி மேடம் வேற வண்டிக்காரனோட பேசிக்கிட்டிருக்காங்கன்னு சேதி. சாப்பாடு எறங்கல. தட்டுக்கு முன்னாடி சும்மா ஒக்காந்திருக்கேன், பஞ்சவர்ணம் கரண்டியத் தூக்கிக்கிட்டு எப்ப நிறுத்தணும்னு தெரியாம போட்டுக்கிட்டே இருக்கா, சோறு மல மாதிரி. அப்புறம் சொன்னா, "இந்தா பாருங்க, தர்மாஸ்பத்திரியில பல்லு கேம்பு போட்டிருக்காங்க. அடுத்த மாசம் மகளப் பொண்ணு பாக்க வாறாங்க, போட்டோவுல ஓட்டப்பல்லோட நிக்கவா போறீங்க?" பிரேக்குக் கவலையில இருக்கிறவன்கிட்ட பல்லப் பத்திப் பேசுறா பாருங்க, பொம்பளைகளுக்கு நேரங்காலமே கெடையாது. ஆனா மகளுக்காகப் போனேன். அளவெடுத்த அன்னைக்கே சாயங்காலம் செட்டுப் பல்லு குடுத்துட்டாங்க. யாரோ முன்கூட்டியே சொல்லி வச்சிருந்த மாதிரி அம்புட்டு வேகம்.

அதே சாயங்காலம் சவரிமுத்து பட்டறைக்கு வந்தான். பாய் கையில புது ஷூ நாலு செட்டு. "மாட்டுங்க பாய், எங் காசு"ன்னான். தப்புப் பண்ணாதவன் எதுக்கு சார் காசு குடுக்கணும்? நீங்களே சொல்லுங்க. மாட்டுனாரு. பல்லும் புதுசு, ஷூவும் புதுசு. சாவியப் போட்டு எடுத்தேன், முக்குல மிதிச்சேன். ஒரு சத்தமில்ல! சும்மா ஃபூன்னு காத்து மட்டும். நான் கெலிச்சுட்டேன் சார்! "பாத்தியாடா, ஷூதாண்டா! வாயின்னு சொன்னீங்களேடா!"ன்னு நடுப்பட்டறையில நின்னு கத்துனேன். பாய் சவரிமுத்தப் பாத்தாரு, சவரிமுத்து பாயப் பாத்தான். மறுநாள் அவனே மில்லுக்கு வந்து குணவதி மேடம் முன்னாடி கையக் கட்டிக்கிட்டு, "ஷூ தேஞ்சு போனத நாந்தான் கவனிக்காமக் குடுத்துட்டேன் மேடம், இப்ப மாத்தியாச்சு, வண்டி தங்கம்"னான். ஊருக்கு நடுவுல அவன் ஒத்துக்கிட்டது இருக்கே, அது போதும் எனக்கு. வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போடான்னு கூட நான் கூப்பிடல.

இத்தோட கத முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்த மில்லுப் பொம்பளைக இருக்காங்களே, எட்டு மணி நேரம் மெசினுக்கு முன்னாடி நிக்கிறவங்க. ஒக்காந்தா மேஸ்திரி திட்டுவான். பஞ்சு தலையெல்லாம் வெள்ளையா, இருவது வயசுப் புள்ள கூட கெழவி மாதிரி ஏறும். வண்டியில ஒக்கார எடம் கெடச்சதும் அவிச்ச கெழங்கு மாதிரி சரிஞ்சிருவாங்க. முன்னாடியெல்லாம் அவங்கவங்க ஊரு வந்ததும் வீஈஈஈக்குனு கேக்கும், முழிச்சு எறங்கிருவாங்க. இப்ப வண்டி பூன மாதிரி போயி நிக்குது. ஒருத்தி முழிக்கல. நான் "எறங்கு எறங்கு"ங்கிறேன், புதுப் பல்லுல அது "எழங்கு எழங்கு"ன்னு வருது. தாலாட்டுன்னு நெனைச்சு இன்னும் நல்லாத் தூங்குறாங்க. மொத நாள் மூணு பேரு தப்பான ஊர்ல எறங்குனாங்க. ரெண்டாம் நாள் அழகுமீனான்னு ஒரு புள்ள, அதோட ஊரு தாண்டி நாலு கிலோமீட்டர் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிருச்சு. கைக்கொழந்தக்காரி. மாரு கட்டிப் போயி அழுதுகிட்டே ரோட்டுல எறங்கி ஓடுச்சு. திருப்பிக் கொண்டு போயி விட்டேன் சார், ஆனா மறுநாள் அதோட மாமியா மில்லு கேட்டுலயே வந்து நின்னுருச்சு.

பொம்பளைக பூராவும் ஒண்ணு கூடிட்டாங்க. "எங்களுக்கு அந்தச் சத்தம் போட்ட வண்டிதான் வேணும் மேடம். இல்லைன்னா வேற வண்டி விடுங்க." பாருங்க சார் என் பொழப்ப! சத்தம் இருந்தா டிரிப்பு போகும்னாங்க, இப்பச் சத்தம் இல்லாததுனால டிரிப்பு போகுது. குணவதி மேடம் அல்லாபிச்சை பாய்க்கு போன் போட்டாங்க. "பிரேக் நல்லா இருக்கா? சத்தம் மட்டும் திரும்ப வந்தா ஆபத்தா?"ன்னு கேட்டாங்க. பாய் அந்தப் பக்கம் ஏதோ ரொம்ப நேரம் சொன்னாரு. மேடம் என்னையப் பாத்தாங்க. போனப் புடிச்சிக்கிட்டே திரும்பிச் சொவத்தப் பாத்து நின்னாங்க. அந்த அம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல, முதுகுதான் குலுங்குச்சு. திரும்பி, "சத்தத்தைத் திரும்ப வர வச்சிருங்க போத்திராஜ். திங்கக்கெழமைக்குள்ள"ன்னாங்க.

நேரா பாய்கிட்ட ஓடுனேன். "பழைய ஷூவத் திருப்பி மாட்டுங்க பாய்"னேன். மனுசன் ஸ்பேனர எடுத்துக்கிட்டு வண்டிக்கடியில பூந்து டங்கு டங்குனு நாலு தட்டுத் தட்டி, ரெண்டே நிமிசத்துல வெளிய வந்துட்டாரு. "மாட்டியாச்சு"ன்னாரு. சக்கரத்தக் கழட்டாமலே மாட்டிட்டாரு சார்! அன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டேன், ஆளு கெட்டிக்காரருதான். "ஆனா அண்ணே, ஒரு கண்டிசன். வண்டி ஓட்டுறப்ப அந்தச் செட்டுப் பல்லக் கழட்டி வச்சிருங்க. பழைய ஷூவுக்கும் புதுப் பல்லுக்கும் ஆகாது."

எனக்கும் ஞாயமாத்தான் பட்டுச்சு. ஒரு எடத்துல ரெண்டு செட்டு எப்படிச் சேரும்? கழட்டுனேன், எடுத்தேன், பட்டறை வாசல்லயே வீஈஈஈக்குனு வந்துச்சு பாருங்க, பாயோட ஆளுக எல்லாரும் கையத் தட்டுனாங்க. திங்கக்கெழம அழகுமீனா அதோட ஊர்ல சரியா எறங்குச்சு. எறங்கையில, "ரொம்ப நன்றிண்ணே"ன்னு எங்கிட்ட சொல்லுச்சு. எனக்கு எதுக்கு நன்றி, ஷூவுக்குச் சொல்லு தாயின்னேன். ஒரு வருச டிரிப்பு நம்மளுது, இப்பக் கையெழுத்துப் போடத்தான் போறேன்.

இப்ப யாராவது பழைய வண்டி வாங்குறேன்னா நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். தெரிஞ்சவன்கிட்ட வாங்காதீங்க. வாங்குனா அந்தச் சவரிமுத்து மாதிரி ஆள்கிட்ட வாங்காதீங்க. கேக்க மறந்துட்டேன், நீங்க என்ன வேல சார்? பல்லு டாக்டரா? அட! சொல்லவே இல்லையே. அதான் ஏறுனதுல இருந்து வாயவே பாத்துக்கிட்டு வந்தீங்களா? தொழில் புத்தி விடாது சார், சில பேருக்கு எங்க போனாலும் தொழில் ஞாபகம்தான்.

இந்தா, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு. வீஈஈஈக். எறங்குங்க. இருங்க இருங்க, சும்மா எங்க எறங்குறீங்க? பஸ்ஸுல வந்திருந்தா சார்ஜு குடுத்திருப்பீங்கள்ல? அது வண்டிக்கு. கதைக்குத் தனி. வில்லனோட கத, அதுனால ஃபுல் டிக்கெட்டு. நீங்க நடுவுல ஆறு தடவ சிரிச்சீங்க, நான் எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன், அதுக்கு லக்கேஜ் சார்ஜு. மொத்தம் அம்பது ரூவா. என்ன, இருநூறா நீட்டுறீங்க? குடுங்க. மிச்சமா? பத்தொம்பது வருசம் கண்டக்டரா இருந்தவன்கிட்ட போயி மிச்சம் கேக்குறீங்களே சார், படிச்சவரு நீங்க! கதவச் சாத்திட்டுப் போங்க. தூக்கி இழுத்து.